நான்காம் பாயில் நைரீ

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் டன்வேல் ஊர் ஹாலில் முதலில் எரிவது அடுப்புதான், விளக்கு அதற்கப்புறம். கிளப் தலைவர் கெல்வின் டல்லக் குனிந்து விறகைத் திணித்துக்கொண்டிருக்கும்போதே நைரீ மெக்கில்ரைத் வந்துவிடுவார். ஒரு கையில் துப்பாக்கிப் பெட்டி, இன்னொரு கையில் துணி மூடிய தட்டு. தட்டை அடுப்பின் மேல் வைப்பார். பெட்டியை நான்காம் பாயின் தலைமாட்டில் வைப்பார். பிறகு கம்பளிக் கையுறைகளைக் கழற்றிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் நெருப்பை நோக்கி நீட்டுவார். அந்த நேரத்தில் யார் பேசினாலும் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

எனக்கு ஐந்தாம் பாய். காதடைப்பான் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்துச் சுடுகிற இடத்தில் பக்கத்து ஆளின் சத்தம் கேட்காது. முதுகு ஏறி இறங்குவது மட்டும் தெரியும். நைரீயின் முதுகை எனக்குப் பல குளிர்காலங்களாகத் தெரியும்.

எங்களுடையது சிறு துப்பாக்கி கிளப். ஹாலின் இந்தக் கோடியில் பாய்கள், அந்தக் கோடியில் மணல் மூட்டைகளுக்கு முன்னால் இலக்கு அட்டைகள். ஓர் அட்டையில் பத்துக் கறுப்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு. பத்தும் நடுவில் விழுந்தால் நூறு. அவ்வளவுதான் விளையாட்டு. குளிர்காலம் முழுக்க, மாடுகள் கறவை நிறுத்தி நிற்கும் மாதங்களில், பண்ணைக்காரர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் டீச்சர்களும் வந்து படுத்துச் சுட்டுவிட்டு, ஆளுக்கொரு தட்டாகக் கொண்டுவந்ததைப் பகிர்ந்து தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நைரீ ஹோக்கோனுய் மலையடிவாரத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகுமுன் அப்பாவுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முயல் சுடப் போனதாகச் சொல்வார். டக் என்கிற ஆடு மயிர் கத்தரிப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். டக்கின் முதுகு கெட்டு அந்த வேலை முடியாமல் போன பிறகு, ஊர்ப் பண்ணைச் சாமான் கடையில் கல்லாவுக்கு வந்தவர்தான், இன்றைக்கும் அங்கேதான். ரப்பர் பூட்ஸ், வேலி ஆணி, கன்றுக்குட்டிப் பால்மாவு. யாருடைய வண்டியிலாவது ஒரு பெட்டி ஆணி கூடுதலாக ஏறிவிட்டது என்று தெரிந்தால் தன் வண்டியை எடுத்துக்கொண்டு துரத்திப் போய்த் திரும்ப வாங்கி வருவார். ஒரு பெட்டி குறைவாக ஏறினாலும் அதே துரத்தல்தான். அவர் வண்டியின் விளக்கு பின்னால் தெரிந்தாலே ஓரம் கட்டி நிறுத்திவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

சுடுவதிலும் அப்படித்தான். ஒருமுறை கெல்வின் அவருடைய அட்டையில் ஒரு துளையைப் பார்த்துப் பத்துப் புள்ளி என்றார். நைரீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, நடு வட்டத்தின் கோட்டைத் தொடவில்லை, ஒன்பதுதான் என்றார். அந்த ஒரு புள்ளியில் அந்த வருடக் கோப்பை பக்கத்து ஊரான கிளெனாரினுக்குப் போயிற்று. அதை வாங்கிப் போனவர் பெவ் ஸ்டிராட். ரோஜாக் கிண்ணம் என்று சொல்லப்படுகிற அந்த வெள்ளிக் கோப்பை இந்த இரண்டு பெண்களின் வீட்டு அலமாரிகளுக்கு நடுவே மாறி மாறிப் போய்வருவதை ஊர் பார்த்துப் பழகிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் கடையில் மாடுகள் நக்குகிற உப்புக்கட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது நைரீயின் நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது. பைக்குள் போட்ட மீன் மாதிரி என்று பிறகு சொன்னார். டக் அவரை வண்டியில் போட்டுக்கொண்டு கோர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இதயத்தின் மேலறைகள் அடிப்பதற்குப் பதிலாக நடுங்குகின்றன, அதனால் கீழறைகள் தாறுமாறாக ஓடுகின்றன என்று தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, ஓட்டத்தை அடக்க ஒரு மாத்திரை. இரண்டாவதன் பெயர் மெட்டோப்ரோலால். பீட்டா பிளாக்கர் என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது.

எங்கள் ஊர் டாக்டர் அடேல் ரடக் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த பெண். மாத்திரையைப் பற்றி அவர் விளக்கியதை நைரீயும் டக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, எங்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"உங்க வீட்ல நாய் இருக்கா, நைரீ?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு வேலை செய்யும். இன்னொண்ணு டக் மாதிரி."

"வேலை செய்யற நாயையே எடுத்துக்குவோம். அட்ரினலின்னு ஒண்ணு நம்ம உடம்புல இருக்கு. பயம், கோபம், அவசரம், எது வந்தாலும் அது விசில் அடிக்கும். இதயம் அந்த விசிலுக்கு ஓடற நாய். இந்த மாத்திரை நாய் காதுல கொஞ்சம் பஞ்சு வைக்குது. செவிடாயிடாது. ஆனா எல்லா விசிலுக்கும் தலைதெறிக்க ஓடாது."

அந்தப் பஞ்சு தனக்கும் கிடைக்குமா, வீட்டில் விசில் சத்தம் அதிகம் என்று டக் கேட்டிருக்கிறார். அடேல் சிரிக்கவில்லை. டக்கின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த நீல இன்ஹேலரைக் காட்டினார். மூச்சுக்குழாயிலும் அதே மாதிரி காதுகள் உண்டு, அவை விசிலைக் கேட்டால்தான் குழாய் விரியும், ஆஸ்துமாக்காரருக்கு அங்கே பஞ்சு வைத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்றார். நைரீயின் மாத்திரை பெரும்பாலும் இதயத்துக் காதைத்தான் தேடிப் போகும். ஆனாலும் முழுக்க நம்ப முடியாது, அந்த டப்பாவில் கை வைக்கவே கூடாது. கடைசியாக நைரீயிடம், எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். அதெல்லாம் மறதிக்காரர்களுக்குச் சொல்வது என்று நைரீ நினைத்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. நெஞ்சு அடங்கியது. விரல்கள் மட்டும் எப்போதும் சில்லிட்டிருந்தன. கடைக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறும்போது கால் கனத்தது. விசித்திரமான கனவுகள் வந்தன. ஒரு கனவில் கறவை மாடுகள் வரிசையாக எங்கள் பாய்களில் படுத்துக் குறிபார்த்தனவாம். "என்னைவிட நல்லா சுட்டுச்சுங்க" என்றார்.

குளிர்காலத்தின் முதல் வியாழக்கிழமை வந்தது.

படுத்துச் சுடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. துப்பாக்கியைத் தாங்க ஒரு தோல் வாரை இடது புஜத்தில் இறுக்கிக் கட்டியிருப்போம். புஜத்தின் நாடி அந்த வாரை உதைக்கும். வார் துப்பாக்கியை உதைக்கும். குழலின் முனையில் இருக்கிற சின்ன வளையத்துக்குள் கறுப்பு வட்டம் துடித்துக்கொண்டே இருக்கும். நம் இதயத்தை நாமே கண்ணால் பார்ப்போம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஓர் அமைதி வரும். அதில் விசையை அழுத்த வேண்டும். நைரீ வாழ்நாளெல்லாம் கற்றுக்கொண்டது அந்த இடைவெளியைத்தான். போட்டி நாளில் இதயம் வேகமாக ஓடி இடைவெளி சுருங்கும்போதும் அதைக் கண்டுபிடிப்பார்.

அன்றைக்கு நைரீ படுத்தார், வாரை இறுக்கினார், குறிபார்த்தார். உடனே தலையைத் தூக்கிவிட்டார். வாரைச் சோதித்தார். மறுபடி குறிபார்த்தார். பிறகு பத்துக் குண்டுகளையும் சுட்டு முடித்தார். அவர் முதுகு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நூறு. பத்தும் புள்ளிமேல். ஹால் கைதட்டியது. நைரீ அந்த அட்டையை, தவறான வீட்டுக்கு வந்துவிட்ட பிறந்தநாள் பரிசுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தேநீர் நேரத்தில் கெல்வினிடம் போனார். கெல்வின் பயிற்சியாளர் வகுப்புக்குப் போய்வந்தவர். அவருக்கு ஆண், பெண், போலீஸ்காரர் எல்லோரும் 'மேட்'தான், தோழா என்கிற மாதிரி.

"கெல்வின், நான் சாப்பிடற மாத்திரைக்கு நம்ம விளையாட்டுல தடை இருக்கில்ல?"

கெல்வின் பிஸ்கட்டை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தார். "இருக்கு, மேட். துப்பாக்கி, வில்லு ரெண்டுக்கும். கை நடுங்காது, நாடி உதைக்காதுன்னு. ஆனா இந்த ஹாலுக்கு யாரு வந்து சோதிக்கப் போறாங்க? இங்க கக்கூஸ் கதவே சரியா சாத்தாது."

"நான் இருக்கேனே."

"இது உனக்கு வைத்தியம். திருட்டு இல்ல."

"முனை அசையவே இல்ல கெல்வின். அந்த நூறை யாரு சுட்டா? நான் சுடல."

கெல்வின் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நைரீ பிரமாதமாகச் சுட்டார். ஒவ்வொரு நூறுக்கும் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆகஸ்டில், எங்கள் தென்கோளத்துக் குளிர்காலம் முடிகிற மாதத்தில், ரோஜாக் கிண்ணம். அந்த முறை கிளெனாரின் ஹாலில். பெவ்வை எதிர்த்துச் சுட வேண்டும். பெவ்வை ஏமாற்றக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க ஒரே வழிதான் நைரீக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் அந்த வாரத் தொடக்கத்தில் மெட்டோப்ரோலாலை நிறுத்தினார். போட்டி முடிந்த மறுநாள் காலை மறுபடி ஆரம்பிப்பதாகத் திட்டம். ரத்த மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அதற்குத் தடை இல்லை. ஒரு பெட்டி ஆணிக்காக வண்டியில் துரத்திப் போகிறவர் வேறு எப்படி யோசிப்பார்?

நிறுத்தியதும் உடம்பு நன்றாகவே இருந்தது. அதுதான் மோசம். விரல்கள் சூடாயின. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறினார். இன்றைக்கு உனக்கு இருபது வயது குறைந்திருக்கிறது என்று டக் கிண்டல் செய்ததாகச் சொன்னார்.

கிளெனாரினில் பெவ் கதவருகே காத்திருந்தார். இருவரும் கைகுலுக்கிக்கொள்வதில்லை, அவரவர் தட்டைத் திறந்து காட்டிக்கொள்வார்கள். இருவருடையதும் சீஸ் ரோல்தான், ரொட்டித் துண்டில் சீஸ் தடவிச் சுருட்டிச் சுட்டது; யாருடையது நன்றாகச் சுருண்டிருக்கிறது என்பதில் கிண்ணத்தைவிடப் பழைய சண்டை ஒன்று உண்டு.

நைரீ படுத்தார். பக்கத்துப் பாய் எனக்கு. குறிபார்த்ததும் அவர் கன்னம் துப்பாக்கிக் கட்டைமேல் லேசாக விரிந்தது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. முனை மறுபடி துடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். பாதி அட்டைவரை பழைய நைரீ. நிறுத்தி, காத்திருந்து, இடைவெளியைப் பிடித்துச் சுட்டார்.

பிறகு அவர் முதுகு மாறியது. ஏறி இறங்குவதில் ஒழுங்கு போய்விட்டது. நான் என் துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன். நைரீ குண்டறையின் போல்ட்டைத் திறந்தார், குண்டை வெளியே எடுத்தார், காலி என்று காட்டும் மஞ்சள் கொடியை அதில் செருகினார், துப்பாக்கியைப் பாயில் வைத்தார், கையை உயர்த்தினார். எல்லாம் விதிப்படி, வழக்கமான வேகத்தில். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டில் சாய்ந்தார். சுடுவது நிறுத்தப்பட்டு எல்லோரும் எழுந்தோம்.

"பெவ், என் துப்பாக்கி காலி. பாத்துக்கோ," என்றார். "எனக்கு நெஞ்சு ஓடுது."

கெல்வின் எங்கள் ஊர் ஆம்புலன்ஸில் தன்னார்வலர். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்து 'மேட்' காணாமல் போய்விட்டது. மாத்திரை எடுத்தாயா என்று கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றார் நைரீ. ஏன் என்று கேட்டதற்கு, "நியாயமா இருக்கணும்னு" என்றார்.

பெவ் தரையில் உட்கார்ந்து நைரீயின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். "நியாயமா சாகறதுக்கா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்த, முட்டாளே," என்றார். அவர் கை நைரீயின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தது.

நைரீ சாகவில்லை. இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் ஓட்டத்தை அடக்கினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரையை மறுபடி கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அடேலிடம் போனார். இந்த முறை டக் ஜோக் எதுவும் அடிக்கவில்லையாம்.

அடேல் மறுபடியும் நாய்க்கே வந்தார். காதில் பஞ்சு வைத்த நாய் சும்மா இருக்காது. விசில் சரியாகக் கேட்கவில்லையே என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டே இருக்கும். இதயமும் அப்படித்தான், புதிதாகக் காதுகளை முளைக்க வைத்துக்கொள்ளும். பஞ்சைச் சட்டென்று பிடுங்கினால் சின்ன விசிலுக்கும் பாயும். நிறுத்த வேண்டுமென்றால் வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்த வேண்டும்.

"இன்னொரு விஷயம்," என்று அடேல் சொன்னாராம். "நான் விதியப் படிச்சுப் பாத்தேன். துப்பாக்கிக்குத் தடை போட்டி அன்னைக்கு மட்டும் இல்ல. எப்பவுமே. நீங்க முன்னாடியே நிறுத்தினாலும் விதிப்படி அது செல்லாது."

நைரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நிறுத்தினதும் வீண், ஓடினதும் வீண்."

வேறு வழியாக ஓட்டத்தை அடக்குகிற, தடையில்லாத மாத்திரை உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் ஸ்கேனில் இதயத்தின் பிழிகிற பலம் கொஞ்சம் குறைந்திருப்பது தெரிந்தது, அந்த வகை அதற்கு ஆகாது, மெட்டோப்ரோலாலோ பலம் குறைந்த இதயத்துக்குக் காலப்போக்கில் நல்லதே செய்யும். தடையிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்த விளையாட்டுக்கு அநேகமாகத் தர மாட்டார்கள் என்றார் அடேல்.

"தந்தாலும் வேண்டாம். முனை ஆடாம நின்னத நான் பாத்துட்டேன்," என்றார் நைரீ.

அடுத்த வியாழக்கிழமை டக்கோடு ஹாலுக்கு வந்தார், கையில் தட்டோடு, பெட்டி இல்லாமல். தேநீருக்கு எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். மாத்திரையின் பெயர், குடும்பத்தின் பெயர், தடை. இந்தக் குளிர்காலத்தில் தான் சுட்ட நூறுகளையெல்லாம் அடித்துவிட வேண்டும், இனி நான்காம் பாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கையுறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கெல்வின் அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினார்.

மோய்ரா டீச்சர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். ஒற்றைத் தலைவலி வராமலிருக்கத் தான் எடுத்துக்கொள்கிற ப்ரோப்ரனோலாலும் 'ஓலால்' என்றுதான் முடிகிறது, அதுவும் சொந்தமா என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் மூத்ததே அதுதான் என்றார் நைரீ; அடேலிடம் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். அதைக் கேட்டதும் ஸ்டான் கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கை நடுக்கத்துக்கு அதே மாத்திரைதான். அது வந்த பிறகுதான் அவர் தேநீர் சாஸரில் சிந்துவது நின்றிருந்தது, எங்களுக்கெல்லாம் அது வயதின் கருணை என்று தோன்றியிருந்தது. கடைசியில் கெல்வின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணழுத்தத்துக்கான சொட்டு. டிமோலால்.

"சொட்டு விட்டதும் மூக்கோரத்துல விரல வச்சு அழுத்திக்கச் சொன்னாங்க," என்றார் மெதுவாக. "இல்லேன்னா உள்ள இறங்கி நெஞ்ச மெதுவாக்கிடும்னு. நான் அதக் கண்ணோட விவகாரம்னே நெனச்சேன், மேட்."

சுற்றிலும் பார்த்தார். அந்த வட்டத்தில் பீட்டா பிளாக்கர் இல்லாமல் மிஞ்சியிருந்தது நானும் டக்கும். டக் சுடுவதில்லை.

முதலில் சிரித்தது நைரீதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை நாள் தான் ஒருத்தியே கள்ள ஆணிப் பெட்டியோடு ஊருக்குள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்தவர், மொத்தத் தெருவின் வண்டிகளிலும் அதே பெட்டி இருப்பதைக் கண்டவர்போலச் சிரித்தார்.

வழி சொன்னது கெல்வின். வெளிப் போட்டிகளுக்கு மருந்து இல்லாதவர்கள் மட்டும் போகட்டும். அதாவது நான் போக வேண்டும், நான் தோற்றுவிட்டு வருவேன், பரவாயில்லை. வியாழக்கிழமை எல்லோரும் சுடலாம். 'ஓலால்'காரர்களின் அட்டைகளை எண்ணிப் பார்க்கலாம், கேலி செய்யலாம், எழுதி வைக்கக் கூடாது. பிறகு அடுப்பு. "கோப்பை இல்ல. பாய் உண்டு. சம்மதமா, நைரீ?"

நைரீ கையுறையை மடியில் வைத்தார். டக்கைப் பார்த்தார். டக் எழுந்து வெளியே போய், வண்டியிலிருந்து துப்பாக்கிப் பெட்டியை எடுத்துவந்து நான்காம் பாயின் தலைமாட்டில் வைத்தார். அதை அவர் நைரீக்குத் தெரியாமல் ஏற்றி வந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு பெவ் ஸ்டிராட் வந்தார். பெட்டியும் தட்டுமாக. ரோஜாக் கிண்ணம் அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. "அதத் தொடச்சுத் தொடச்சுச் சலிச்சுப் போச்சு," என்றார். "உன்ன ஜெயிச்சு வாங்கினதா இருந்தாத்தான் தொடைக்கவே தோணுது. நகரு, மூணாம் பாய் காலியா?"

"நான் பஞ்சு வச்ச ஆளு. நீ சும்மா வர்ற. சரிப்படாது," என்றார் நைரீ.

"எனக்கு உன்ன விட நாலு வயசு கம்மி. கணக்கு சரியாப் போச்சு. தோக்கறவ அடுத்த வாரம் சீஸ் ரோல் கொண்டு வரணும், எல்லாருக்கும்."

இப்போது ஒவ்வொரு வியாழனும் அந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கிறார்கள். நான்காம் பாயின் முதுகு அமைதியாக ஏறி இறங்குகிறது. அந்த நிலைத்துப்போன முனைக்கு நைரீ பழகிக்கொண்டிருக்கிறார். துடிப்பே தெரியாத வெறும் அமைதியில் எப்போது விசையை அழுத்துவது என்பதும் புதிதாகக் கற்க வேண்டிய விஷயம்தானாம். இடைவெளி எங்கும் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? சில வாரம் பெவ் ஜெயிக்கிறார்.

நேற்று பெவ் தொண்ணூற்றெட்டு. நைரீ நூறு. கெல்வின் அட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். நன்றாகச் சுருட்டத் தெரியாதவர்களின் சீஸ் ரோலைத் தின்ன வேண்டியிருக்கிறதே என்று நைரீ அலுத்துக்கொண்டார். பிறகு அட்டையை வாங்கி அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டார். கெல்வினும் தன்னுடையதைப் போட்டார், மோய்ராவும், ஸ்டானும். தீ பிடிக்கும் முன் ஒரு கணம் நைரீயின் அட்டையிலிருந்த பத்துத் துளைகளும் தனித்தனியாக ஒளிர்ந்தன.

அவர் கையுறைகளைக் கழற்றிவிட்டு, சில்லிட்ட விரல்களை அந்த வெளிச்சத்தை நோக்கி நீட்டினார்.